மின்தடை நாளில் கிணற்று மோட்டாரை பேட்டரியில் ஓட்டிய அனுபவம்

பொங்கலூர்ப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில், குடிப்பதற்கு ஊராட்சிக் குழாய்த் தண்ணீர் வருகிறது. குளிக்க, துவைக்க, மாடுகளுக்கு, வாசலில் நிற்கும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் என மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு ஒன்றே ஆதாரம். கிணற்றின் ஆழம் 60 அடி, அதில் கடைசி 5 அடி ஆறுக்கு ஆறு அடி அளவில் வெட்டிய குழி. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் (பி.ஏ.பி.) வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் விடும் மாதங்களில் நீர்மட்டம் 20 அடிக்கு ஏறி நிற்கும் என்பதால் அப்போது கிணற்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மாசி பிறந்துவிட்டால் தண்ணீர் அந்தக் குழிக்குள் ஒடுங்கிவிடும். பாசனத்துக்கு வேறு கிணறு உண்டு. இந்தக் கிணற்றில் இருப்பது வீட்டு இணைப்பில் ஓடும் 1 எச்.பி. ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் மோட்டார் மட்டும்; பம்போடு சேர்ந்து தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் வகை அது.

கோடையில் குழி நிறையும் விதத்தைப் பல நாள் கவனித்து எழுதி வைத்திருக்கிறேன். ஒரு முறை இறைத்து முடித்த பிறகு மூன்று மணி நேரத்தில் ஒன்றரை அடி ஏறுகிறது. 36 சதுர அடிப் பரப்பில் ஒன்றரை அடி என்பது ஏறக்குறைய 1,500 லிட்டர். அதன் பிறகு ஏற்றம் குறைந்துகொண்டே போய், ஆறு மணி நேரம் விட்டாலும் இரண்டு அடியைத் தாண்டுவதில்லை. குழியில் மட்டம் உயர உயர, பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்றுக்கு எதிரழுத்தம் கூடுவதே காரணம். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று எங்கள் அப்பாரு சொன்னதை அளவுகோல் வைத்துப் பார்த்தபோதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். அப்படியானால் நடுப்பகலில் ஒரு முறை இறைக்காமல் விட்டால் அந்தத் தண்ணீர் கிணற்றில் நமக்காகக் காத்திருப்பதில்லை, வராமலே போய்விடுகிறது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில் எங்களுக்கு நேர்ந்தது அதுதான். இன்னொரு 1,000 லிட்டர் தொட்டியை வாங்கி ஏற்கெனவே இருந்த தொட்டியோடு இணைத்ததுதான் நான் செய்த முதல் வேலை. தண்ணீரைச் சேமிப்பது மின்சாரத்தைச் சேமிப்பதைவிட எப்போதும் மலிவு. கிணற்றில் நிறையத் தண்ணீர் உள்ளவர்கள் இதோடு நின்றுகொள்ளலாம், பேட்டரிக்குச் செலவழிக்கவே வேண்டாம். எங்களுக்கோ, கோடைக் காலையில் குழியில் இருந்ததையெல்லாம் இறைத்தாலும் இரண்டாவது தொட்டி பாதிகூட நிறையவில்லை. கடந்த பங்குனியில் ஒரு மின்தடை நாளில் நான் வெளியே போய்விட்டுத் திரும்பியபோது, எழுபது வயதான என் அம்மா உருளையில் கயிற்றைப் போட்டு மாடுகளுக்குத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். நான் கடிந்துகொண்டதும், "கரண்டு வர்ற வரைக்கும் மாடு தாங்குமா கண்ணு?" என்றார். நான்கு மாடுகள் கோடையில் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் குடிக்கும். அவ்வளவையும் 55 அடி ஆழத்திலிருந்து கையால் இழுப்பதை இனி அனுமதிக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

வீட்டில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் 1 கே.வி.ஏ. இன்வெர்ட்டரும், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி இரண்டும் இருந்தன. மோட்டாரை அதில் இணைத்துப் பார்த்தேன். பேனல் போர்டில் பொத்தானை அழுத்தியதும் விளக்குகள் மங்கின, மோட்டார் ஒரு முறை உறுமியது, இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டி நின்றுவிட்டது. இரண்டாவது முறை முயலாமல், வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும், துவக்க உச்சத்தைப் பிடித்து வைக்கும் வசதியும் உள்ள டங் டெஸ்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஊர் மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டி அளந்தேன். 222 வோல்ட்டில் ஓடும்போது 6.4 ஆம்பியர் எடுத்த மோட்டார், கிளம்பும் கணத்தில் 33 ஆம்பியர் எடுத்தது. அதாவது ஓடும்போது ஏறக்குறைய 1,280 வாட் மட்டுமே கேட்கும் மோட்டார், கிளம்பும்போது மட்டும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு 7 கே.வி.ஏ.க்கு மேல் கேட்கிறது. உள்ளே சுழலும் பகுதியான ரோட்டார் நின்றுகொண்டிருக்கும்போது இண்டக்ஷன் மோட்டார் என்பது ஷார்ட் செய்து வைத்த டிரான்ஸ்ஃபார்மரைப் போன்றது. ரோட்டார் வேகம் பிடித்த பிறகுதான் மின்னோட்டம் தணியும். மாலை நேரங்களில் எங்கள் பகுதியில் வோல்டேஜ் 180 வரை இறங்கும்போது மோட்டார் உறுமிவிட்டு நிற்பதும் இதே கணத்தின் சிக்கல்தான். சுழற்று விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 230-க்குப் பதில் 180 வந்தால் விசை ஏறக்குறைய 61 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது.

இந்த அளவுகளோடு கடையில் விசாரித்தபோது, 7.5 கே.வி.ஏ. இன்வெர்ட்டரும் பத்து பேட்டரியும் வேண்டும் என்றார்கள். துவக்க மின்னோட்டத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தவறில்லை. வீட்டுக்கு வந்து வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கிணற்றின் 55 அடியும் தொட்டியின் 20 அடியும் சேர்த்து 75 அடி, அதாவது ஏறக்குறைய 23 மீட்டர். குழாயில் ஏற்படும் உராய்வையும் சேர்த்தால் 26 மீட்டர். 1,000 லிட்டர் தண்ணீரை 26 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் 71 வாட்-மணி மட்டுமே. மோட்டாரிலும் பம்பிலும் முக்கால் பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் 284 வாட்-மணி, அதாவது கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். மின்தடை நாளில் எனக்குத் தேவை இரண்டு முறை இறைப்பு, 2,000 லிட்டர். அதற்கு ஒரு யூனிட்கூட வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் இருந்த இரண்டு பேட்டரிகளிலேயே அதைவிட அதிக ஆற்றல் இருந்தது. ஒரு விநாடிக்கும் குறைவான துவக்கத்துக்காகப் பத்து பேட்டரி வாங்குவதைவிட, அந்தத் துவக்கத்தை மாற்றுவதே சரியான வழி என்று எனக்குப் பட்டது.

அரை எச்.பி. மோட்டார் வாங்கலாமா என்று யோசித்தேன். அந்த உயரத்துக்கு அது தரும் தண்ணீர் போதாது, துவக்கச் சிக்கலும் பாதியாகக் குறையுமே தவிரத் தீராது. பெட்ரோல் ஜெனரேட்டரை அம்மாவால் இழுத்துக் கிளப்ப முடியாது. கடைசியில் நான் தேர்ந்தது, இருக்கும் மோட்டாரையே 220 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டாராக மாற்றிக் காயில் கட்டி, ஒற்றை ஃபேஸை வாங்கி, மோட்டாரின் வேகத்தை மாற்றும் வகையில் மூன்று ஃபேஸாகத் தரும் வி.எஃப்.டி. டிரைவ் மூலம் ஓட்டுவது. டிரைவ் குறைந்த வோல்ட்டிலும் குறைந்த ஹெர்ட்ஸிலும் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவதால், மோட்டார் கிளம்பும்போது ஓட்ட ஆம்பியரைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் எடுக்கும். கெப்பாசிட்டர் வைத்த ஒற்றை ஃபேஸ் மோட்டாரை இத்தகைய டிரைவில் அப்படியே இணைக்கக் கூடாது என்பதால்தான் காயிலை மாற்ற வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தோட்டத்து மாமாவும் நானும் மோட்டாரை மேலே தூக்கினோம். கருப்பு ஓஸ் முழுவதும் தண்ணீர் நின்றிருந்ததால் எடை அதிகமாக இருந்தது; அந்தக் குழாயைப் பொருத்தும்போதே மேல் மட்டத்தில் ஒரு காலி செய்யும் வால்வு வைத்திருக்க வேண்டும்.

காயில் கட்டும் அண்ணனின் கடை பல்லடத்தில், கோவை சாலையில் இருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிறது. கோவையில் 1930-களிலேயே மோட்டார் செய்யத் தொடங்கிவிட்டார்கள்; அந்தத் தொழிலின் கை நேர்த்தி இன்றும் இத்தகைய சிறிய கடைகளில் இருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் நிரப்பிய மோட்டாருக்குச் சாதாரண எனாமல் கம்பி ஆகாது. பிளாஸ்டிக் உறை போட்ட பாலி வயர்தான் கட்ட வேண்டும், ஏனென்றால் காயில் முழுவதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். அண்ணன் பழைய காயிலை உருவி எடுத்து, காயில் உட்காரும் நிலையான பகுதியான ஸ்டேட்டரின் 24 பள்ளங்களையும் துணியால் துடைத்து, ஒவ்வொன்றிலும் காப்புத் தாளைக் குழல்போல் சுருட்டிச் செருகினார். பிறகு வயரின் ஒரு முனையை ஒரு பள்ளத்தில் நுழைத்து மறுபக்கம் முழு நீளத்தையும் இழுத்து, திரும்ப அடுத்த பள்ளத்தில் நுழைத்து மீண்டும் முழு நீளத்தையும் இழுத்தார். ஊசியில் நூல் கோப்பதுபோல ஒவ்வொரு சுற்றும் இப்படியே போக வேண்டும். இழுக்கும்போது வயரை இடது கையின் விரல்களுக்கு நடுவே விட்டு, உறையில் எங்காவது கீறல் இருக்கிறதா என்று விரலாலேயே உணர்ந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, என் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலைக் காட்டி, அந்தச் சுற்றை மட்டுமன்றி அந்தக் காயில் முழுவதையும் வெளியே எடுத்துவிட்டு வேறு வயரில் தொடங்கினார். ஒட்டுப் போட்டால் தண்ணீர் அங்கேதான் இறங்கும் என்றார். இரண்டு நாட்கள் ஆயின. கட்டிய பிறகு ஸ்டேட்டரை ஓர் இரவு தண்ணீர் வாளியில் மூழ்க வைத்து, மறுநாள் மின்கசிவைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்து இன்சுலேஷன் பார்த்துவிட்டே என்னிடம் கொடுத்தார். வயரும் கூலியும் சேர்த்து 3,800 ரூபாய் வாங்கினார்.

டிரைவைப் பற்றிச் சொன்னபோது அவர் சொன்ன எச்சரிக்கை மிக முக்கியமானது: "மெதுவா கெளப்பறதுன்னு பத்து செகண்டு இழுத்துப் போடாதீங்க தம்பி. இதுக்குப் பேரிங்கு எண்ணெய்ல ஓடறதில்லீங்க, தண்ணிதான் எண்ணெய். வேகம் வந்தாத்தான் நடுவுல தண்ணிப் படலம் நிக்கும். முப்பது ஹெர்ட்ஸுக்கு ஒரு செகண்டுக்குள்ள போயிரோணும்." சப்மெர்சிபிள் மோட்டார் தயாரிப்பாளர்கள் தரும் வழிகாட்டுதலும் இதுவே என்பதைப் பின்னர் சரிபார்த்துக்கொண்டேன். நான் வாங்கிய டிரைவ் 1.5 கிலோவாட் அளவுள்ளது. மோட்டாரின் தேவையைப்போல் இரு மடங்கு. 30 ஹெர்ட்ஸ் வரை ஒரு விநாடி, அங்கிருந்து 50 வரை 4 விநாடி என்று அதில் அமைத்தேன். நிறுத்தும்போதும் இப்படியே படிப்படியாக இறங்குவதால், பொத்தானை அமுக்கியதும், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வில் 'தடார்' என்று விழுந்துகொண்டிருந்த அடி இப்போது இல்லை.

கேபிளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பழைய ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்கும் பேனலில் இருந்து ஸ்டார்ட், ரன், காமன் என மூன்று வயர்களே போயிருந்தன, 2.5 சதுர மில்லிமீட்டர் தட்டைக் கேபிளின் அதே மூன்று வயர்கள் இப்போது மூன்று ஃபேஸுக்கும் பயன்பட்டன. மோட்டார் உடலிலிருந்து எர்த் வயர் மட்டும் புதிதாக மேலே கொண்டுவந்தேன்.

முதல் ஓட்டத்தில் மோட்டார் சத்தமில்லாமல் கிளம்பியது, ஆனால் தொட்டிக் குழாயில் தண்ணீர் வரவேயில்லை. கிணற்றில் குமிழி எதுவும் இல்லை, ஆம்பியர் சரியாகவே இருந்தது. ஐந்து நிமிடம் யோசித்த பிறகு, மூன்று ஃபேஸ் மோட்டார் எந்தத் திசையிலும் சுற்றும் என்பது நினைவுக்கு வந்தது. ஒற்றை ஃபேஸில் பழகியவர்களுக்கு இது எளிதில் தோன்றாது. டிரைவை அணைத்து, உள்ளே உள்ள கெப்பாசிட்டர் வடிவதற்காகத் திரையின் விளக்கு முழுதாக அணைந்த பிறகும் சில நிமிடம் காத்திருந்து, வெளியே போகும் மூன்று வயர்களில் இரண்டை இடம் மாற்றினேன். அடுத்த முறை, மேலே நின்றிருந்த அம்மா தொட்டியில் தண்ணீர் விழும் ஓசையைக் கேட்டுக் கையசைத்தார்.

டிரைவின் உள்ளீட்டில் அளந்தபோது, பழைய ஒற்றை ஃபேஸில் 1,280 வாட் எடுத்த அதே பம்பு இப்போது 1,000 வாட் அளவில் எடுத்தது. கெப்பாசிட்டர் மோட்டாரைவிட மூன்று ஃபேஸ் மோட்டாரின் திறன் கூடுதல் என்பதே காரணம். 1,000 லிட்டர் நிரம்ப 17 நிமிடம் ஆனது. வேகத்தைக் குறைத்தால் இன்னும் மிச்சமாகும் என்று பலர் சொல்வார்கள். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மின்சாரம் குறையும் என்ற விதியும் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சோதிக்க ஒரு மாலை முழுவதும் செலவிட்டேன். 45 ஹெர்ட்ஸில் மின்சாரம் 720 வாட்டாக இறங்கியது உண்மை; ஆனால் 1,000 லிட்டருக்கு 26 நிமிடம் ஆனது. கணக்கிட்டால் 50 ஹெர்ட்ஸில் 283 வாட்-மணி, 45 ஹெர்ட்ஸில் 312 வாட்-மணி. மெதுவாக ஓட்டியபோதுதான் ஒவ்வொரு லிட்டருக்கும் அதிகச் செலவானது. 38 ஹெர்ட்ஸுக்கு இறக்கியபோது மோட்டார் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டே இருந்தது, மேலே ஒரு சொட்டும் வரவில்லை. பம்பு தள்ளக்கூடிய உயரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. எங்கள் பம்பு முழு வேகத்தில் அதிகபட்சம் 38 மீட்டர் தள்ளும், 38 ஹெர்ட்ஸில் 22 மீட்டருக்கும் குறைவு, ஏற வேண்டியதோ 23 மீட்டர். சமதளத்தில் தண்ணீரைச் சுழலவிடும் குழாய்களுக்குப் பொருந்தும் விதி, ஆழமான கிணற்றுக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே 50 ஹெர்ட்ஸிலேயே விட்டுவிட்டேன்.

இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தைத் தவறவிடக் கூடாது. டிரைவ் 1,000 வாட் எடுத்தாலும் அதன் உள்ளீட்டில் 228 வோல்ட்டில் 6.9 ஆம்பியர் ஓடியது. பெருக்கினால் 1,570 வோல்ட்-ஆம்பியர். உள்ளே உள்ள ரெக்டிஃபயர் ஒவ்வொரு அலையின் உச்சியில் மட்டும் மின்சாரத்தை உறிஞ்சுவதால் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்-ஆம்பியரில் வாட்டாகப் பயன்படும் பங்கு, 0.64 அளவில்தான் இருந்தது. ஆயிரம் வாட்தானே என்று 1 கே.வி.ஏ. இன்வெர்ட்டரில் இணைத்தால் அது நிற்கும். நான் 3.5 கே.வி.ஏ., 48 வோல்ட் சைன் வேவ் இன்வெர்ட்டரும், 51.2 வோல்ட் 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் வாங்கினேன். 16 செல்கள் தொடராக உள்ள இந்தப் பேட்டரியில் 2.56 யூனிட் இருக்கிறது. மோட்டார் ஓடும்போது பேட்டரியிலிருந்து 23 ஆம்பியர் போகிறது. 24 வோல்ட் வாங்கியிருந்தால் அது இரு மடங்காகி, கேபிளும் அதன் முனையில் மாட்டும் லக்கும் அதற்கேற்பத் தடித்திருக்க வேண்டும்.

பேட்டரியை இணைத்த முதல் நாள் ஒரு சிக்கல் வந்தது. நெகட்டிவை முடுக்கிவிட்டு பாசிட்டிவ் லக்கை இன்வெர்ட்டரின் போல்ட்டில் தொட்டதும் 'பட்' என்று நீல நிறத் தீப்பொறி பறந்தது, லக்கின் ஓரத்தில் கடுகளவு செம்பு உருகிக் கருத்துவிட்டது. பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்றான பி.எம்.எஸ். அதை ஷார்ட் என்று கருதித் தன்னைத் துண்டித்துக்கொண்டது. இன்வெர்ட்டரின் உள்ளே காலியாக இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் ஒரே கணத்தில் நிரம்பப் பார்த்ததே காரணம். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, பாசிட்டிவ் வயருக்கும் போல்ட்டுக்கும் நடுவே சில விநாடிகள் பிடித்தேன். பல்பின் இழை வழியாக மின்சாரம் மெல்லச் சென்று கெப்பாசிட்டர்கள் நிரம்பின. வோல்ட் மீட்டர் 50-ஐத் தொட்டதும் லக்கை வைத்து முடுக்கினேன், பொறி வரவில்லை. அந்தப் பல்பும் ஹோல்டரும் இப்போது பேட்டரிப் பெட்டியின் மேலேயே தொங்குகின்றன. பாசிட்டிவ் வழியில் 63 ஆம்பியர் டி.சி. பிரேக்கர் ஒன்றும் வைத்திருக்கிறேன், ஏ.சி. எம்.சி.பி.யை இந்த இடத்தில் வைக்கக் கூடாது, நேர் மின்சாரத்தின் பொறி தானாக அணையாது.

சார்ஜரின் அமைப்பு கடையிலிருந்து வரும்போது டியூபுலர் பேட்டரிக்கானதாக இருந்தது. அதில் வோல்டேஜ் 57.6-க்கு மேல் ஏறுவதால், செல்களில் ஒன்று முந்திக்கொண்டு பி.எம்.எஸ். துண்டித்தது. லித்தியம் அமைப்புக்கு மாற்றி, மேல் வரம்பை 56 வோல்ட்டில் நிறுத்திய பிறகு அது மீண்டும் நிகழவில்லை.

பாதுகாப்புக்காகச் செய்த வேலைகளில் முதன்மையானது சேஞ்ச் ஓவர் சுவிட்ச். பராமரிப்பு மின்தடை நாளில்தான் ஊழியர்கள் கம்பத்தில் ஏறி வெறும் கையால் கம்பியைத் தொடுகிறார்கள். நம் வீட்டு இன்வெர்ட்டரின் மின்சாரம் எந்த வழியாகவும் அந்தக் கம்பிக்குத் திரும்பக் கூடாது. மோட்டார் லைனில் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் துண்டித்து மாற்றும், நடுவில் அணைந்த நிலை உள்ள சுவிட்சையே பொருத்தினேன். இன்வெர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் இருக்கிறது என்றும் அளந்து பார்த்தேன். முதலில் 100 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதாவது நியூட்ரல் எர்த்தோடு தொடர்பில்லாமல் மிதந்துகொண்டிருந்தது, அந்த நிலையில், எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, இன்வெர்ட்டர் நிலையில் மட்டும் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும்படி அமைத்துக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீரில் கிடக்கும் மோட்டார் விஷயத்தில் இதை ஒத்திப்போடக் கூடாது.

அது சரியானதும் ஆர்.சி.சி.பி. வேறு விதமாகத் தொல்லை கொடுத்தது: மோட்டார் கிளம்பிய சில விநாடிகளில் தட்டிவிடும். மெக்கரில் இன்சுலேஷன் நன்றாகவே இருந்தது. டிரைவ் விநாடிக்குப் பல ஆயிரம் முறை சுவிட்ச் செய்வதால் நீளமான கேபிள் வழியே எர்த்துக்குச் சிறு கசிவு எப்போதும் இருக்கும். நான் டிரைவை வீட்டுச் சுவரில் வைத்திருந்ததால், கிணறு வரையிலான 40 அடியும் கிணற்றுக்குள் இறங்கும் நீளமும் சேர்ந்து 100 அடியைத் தாண்டியிருந்தது. டிரைவைக் கிணற்றோரத்து மோட்டார் கொட்டகைக்கு மாற்றி, அந்தச் சுவிட்ச் செய்யும் வேகமான கேரியர் ஃப்ரீக்வென்ஸியை 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 3-க்கு இறக்கினேன். மோட்டாரில் மெல்லிய ரீங்காரம் கூடியது, தட்டுவது நின்றது. தட்டுகிறது என்பதற்காக ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடும் பழக்கம் எங்கள் பகுதியில் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

கொட்டகையில் வைத்ததால் டிரைவுக்குப் பல்லியும் எறும்பும் எதிரிகள். பழைய ஸ்டார்ட்டர் பெட்டியில் இரண்டு முறை பல்லி ஒட்டிக் கருகியிருக்கிறது. தகரப் பெட்டி செய்து, காற்று போகும் துளைகளில் பித்தளைக் கொசுவலையை ஒட்டி, கேபிள் நுழையும் இடங்களை ரப்பர் கிளாண்டால் அடைத்தேன். கிணறு வற்றினால் நிற்பதற்கும் தனிக் கருவி தேவைப்படவில்லை. தண்ணீர் இருக்கும்போது மோட்டார் 3.4 ஆம்பியர் எடுக்கிறது, காற்றை இழுத்தால் 2.1-க்கு இறங்குகிறது, 2.6-க்குக் கீழே 5 விநாடி நீடித்தால் நிறுத்தும்படி டிரைவிலேயே அமைத்துவிட்டேன்.

சித்திரையில் வந்த மின்தடை நாள் முதல் முழுச் சோதனையாக அமைந்தது. நண்பகலிலும் மூன்று மணிக்கும் 17 நிமிடம் வீதம் இறைத்தோம். இரண்டு இறைப்புக்கும் சேர்த்து பேட்டரியில் 26 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டிருந்தேன். மாலையில் பார்த்தால் 37 சதவீதம் குறைந்திருந்தது. மோட்டார் ஓடாத நேரத்திலும் இன்வெர்ட்டர் தன் டிரான்ஸ்ஃபார்மருக்காக 35 வாட் எடுத்துக்கொண்டே இருந்ததுதான் அந்த வேறுபாடு. எட்டு மணி நேரத்துக்கு அது 280 வாட்-மணி, அதாவது ஒரு தொட்டித் தண்ணீர் இறைக்கும் செலவு. அன்று முதல் இறைக்கும் நேரத்தில் மட்டுமே அதை இயக்குகிறோம். அம்மாவுக்காகச் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று பெயிண்டில் எழுதியிருக்கிறேன். என்னைக் கேட்காமலே அவர் ஓட்டுகிறார்.

ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து லைன் அறுந்து, ஒரு நாள் மாலையிலிருந்து மறுநாள் இரவு வரை மின்சாரம் இல்லை. ஐந்து முறை இறைத்த பிறகும் பேட்டரியில் 33 சதவீதம் மீதமிருந்தது. அப்போதுதான் ஒரு குறையைக் கவனித்தேன்: மோட்டார் நின்ற பிறகு குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் மெல்லக் கீழே இறங்கிவிடுகிறது, அடுத்த முறை தொட்டிக்குத் தண்ணீர் வர 40 விநாடி கூடுதலாகிறது. செக் வால்வின் ரப்பர் இருக்கை தேய்ந்திருக்க வேண்டும். பித்தளை வால்வும், குழாயைக் காலி செய்யும் வால்வும் வாங்கி வைத்துவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டுக் கிணறு ஏறுவதற்குள், புரட்டாசியில் மாமாவையும் அழைத்து மோட்டாரை மேலே தூக்கி இரண்டையும் மாட்ட வேண்டும்.